பழைய கணினி விளையாட்டுகள்: யார் காப்பது?

கொல்லிமலையைப் பாடும் சங்கப் பாடல்களில் ஒரு பாவை வருகிறது. தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கொல்லிப்பாவை, காற்று மோதினாலும் இடி தாக்கினாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் வடிவம் குன்றாது என்பது புலவர் கூற்று. அழியாத உருவம் ஒன்று வேண்டும் என்பது மனித மனத்தின் பழைய ஆசை. கணினி வந்தபோது அந்த ஆசை நிறைவேறிவிட்டதாகப் பலர் கருதினர். ஓலை செல்லரிக்கும், தாள் மக்கும். எண்களாக மாற்றப்பட்ட எழுத்தும் படமும் இசையுமோ என்றென்றும் அப்படியே இருக்கும் என்று நம்பினர்.

நடந்தது வேறு. 1987-இல் அச்சான தமிழ் நாவல் ஒன்றை இன்றும் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம். அதே ஆண்டில் வெளியான ஒரு கணினி விளையாட்டை, அதன் நெகிழ்வட்டு கையில் இருந்தாலும், இன்றைய கணினியில் அப்படியே இயக்க முடியாது. வட்டைச் செருக இடமில்லை. இடம் இருந்தாலும் இயங்குதளம் அதை ஏற்காது. ஏற்றாலும் ஒலி வராது அல்லது படம் தாறுமாறாக ஓடும். ஆயினும், அக்காலத்துப் புகழ்பெற்ற சாகசக் கதை விளையாட்டுகள் பல இன்று உலகெங்கும் மீண்டும் விளையாடப்படுகின்றன. அது எப்படிச் சாத்தியமானது, அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சுட்டினால் விரியும் கதை: கணினிச் சாகச விளையாட்டின் தொடக்கம் படமே இல்லாதது. 1976-இல் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர், கென்டக்கி மாநிலத்தின் குகை ஒன்றில் தாம் உலவிய அனுபவத்தைக் கொண்டு ஒரு விளையாட்டை எழுதினார். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். குகையின் வருணனை எழுத்தில் வரும். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று ஆங்கிலத்தில் கட்டளை தட்டினால் கதை நகரும். 1980-இல் ராபர்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் தம்பதியின் ‘மிஸ்டரி ஹவுஸ்’ அதனுடன் கோட்டுப் படங்களைச் சேர்த்தது. அவர்களுடைய நிறுவனம், பின்னாளில் சியரா ஆன்-லைன் என்று அறியப்பட்டது, 1984-இல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ விளையாட்டை வெளியிட்டது. அதில் கதாபாத்திரம் காட்சிக்குள் நடந்து திரிந்தது. ஆனாலும் சரியான வினைச்சொல்லை ஊகித்துத் தட்டச்சு செய்யும் தொல்லை தொடர்ந்தது.

அந்தத் தொல்லையைப் பெருமளவு நீக்கியது, லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்துக்காக ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் வடிவமைத்து 1987-இல் வெளியான ‘மேனியாக் மேன்ஷன்’. வினைச்சொற்கள் திரையின் அடிப்பகுதியிலேயே பட்டியலாக இருந்தன. ‘திற’ என்பதைச் சுட்டி, பிறகு கதவைச் சுட்டினால் கதவு திறக்கும். ‘சுட்டிச் சொடுக்கும்’ விளையாட்டு என்ற பெயர் இதிலிருந்தே வந்தது. 1990-இல் ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’, 1992-இல் இண்டியானா ஜோன்ஸின் அட்லாண்டிஸ் கதை, 1993-இல் ‘டே ஆஃப் தி டென்டக்கிள்’ என்று இந்த மரபு வளர்ந்தது. அதே 1993-இல் ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் ‘மிஸ்ட்’, குறுந்தகட்டு இயக்கியை வீட்டுக் கணினிகளில் பரவச் செய்த விளையாட்டுகளுள் ஒன்றானது.

இவ்விளையாட்டுகளில் வேகமான விரல்கள் தேவையில்லை. ஒரு பூட்டிய அறை, ஒரு கயிறு, ஒரு பிடிவாதக்காரக் காவலர் என்று ஒரு சிக்கல் தரப்படும். கவனித்தும் பேசியும் யோசித்தும் அதைத் தீர்க்க வேண்டும். விடுகதையையும் நாவலையும் நாடகத்தையும் ஒன்றாகக் கலந்த வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

ஏன் இயங்குவதில்லை? பழைய விளையாட்டு முடங்குவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, இயங்குதளம். 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் எழுதப்பட்ட நிரல்களில் பெரும்பாலானவை டாஸ் என்ற இயங்குதளத்துக்கான 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்குவதில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது.

இரண்டாவது, வேகம். கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் உண்டு. கணினி ஆயிரம் மடங்கு வேகமானால் கதாபாத்திரமும் அந்த வேகத்தில் ஓடும். 1998-இல் வெளியான ‘கிரிம் ஃபான்டாங்கோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மின்தூக்கிக்குள் சரக்கு வண்டியை ஓட்டித் தீர்க்க வேண்டிய ஒரு புதிர், பின்னாளைய வேகமான கணினிகளில் தீர்க்கவே முடியாததாகிவிட்டது. புதிரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

மூன்றாவது, ஒலியும் ஒளியும். அக்கால விளையாட்டுகள் ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், ரோலண்ட் எம்டி-32 போன்ற குறிப்பிட்ட கருவிகளோடு நேரடியாகப் பேசின. அக்கருவிகள் இன்று கணினிகளில் இல்லை. படங்களோ 320 பத்தி, 200 வரி கொண்ட புள்ளிக் கட்டத்தில் வரையப்பட்டவை. அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரை அந்தக் கட்டத்தை 4-க்கு 3 என்ற விகிதத்தில் சற்று உயரமாக நீட்டிக் காட்டியது. ஓவியர்களும் அதைக் கணக்கில் கொண்டே வரைந்தனர். இன்றைய தட்டைத் திரையில் அதே புள்ளிகளைச் சதுரமாகக் காட்டினால் மனிதர்கள் குள்ளமாகவும் வட்டங்கள் நசுங்கியும் தெரியும்.

நான்காவது, பெட்டிக்குள் இருந்த காகிதம். திருட்டு நகலைத் தடுப்பதற்காக ‘மங்கி ஐலண்ட்’ பெட்டியில் கடற்கொள்ளையர் முகங்கள் அச்சிட்ட ஒரு காகிதச் சக்கரம் தரப்பட்டது. அதைச் சுழற்றி, கிடைக்கும் ஆண்டு எண்ணைத் தட்டினால்தான் விளையாட்டு தொடங்கும். நெகிழ்வட்டைக் காத்து, சக்கரத்தைத் தொலைத்தவருக்கு விளையாட்டு இல்லை. ஒரு மென்பொருளைக் காப்பது என்றால் அதன் கோப்புகளை மட்டும் காப்பது அல்ல என்பதற்கு இந்தச் சிறு சக்கரமே சாட்சி.

மீட்பின் இரு வழிகள்: இச்சிக்கலுக்குத் தன்னார்வ நிரலாளர்கள் இரு வழிகளில் விடை கண்டனர். இதைப் புரிந்துகொள்ளத் தெருக்கூத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கூத்துக்கு ஏடு உண்டு. அதை ஆடும் குழு உண்டு. ஆடுவதற்குக் களம் உண்டு. களமும் குழுவும் காணாமல் போய் ஏடு மட்டும் எஞ்சினால் என்ன செய்வது?

முதல் வழி, பழைய களத்தையே மீண்டும் கட்டுவது. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இதைத்தான் செய்கிறது. இன்றைய கணினிக்குள், மென்பொருளாலேயே ஆன ஒரு பழைய கணினியை அது உருவாக்குகிறது. பழைய செயலி, பழைய ஒலி அட்டை, பழைய வேகம் என அனைத்தையும் அது பாவனை செய்வதால், விளையாட்டு தான் 1990-லேயே இருப்பதாக நம்பி இயங்குகிறது.

இரண்டாம் வழி, ஏட்டைக் கற்றுத் தேர்ந்த புதிய குழுவைக் கொண்டு இன்றைய மேடையில் ஆடுவது. 2001 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டு நிரலாளர் லுட்விக் ஸ்ட்ரீகியஸும் வின்சென்ட் ஹாமும் தொடங்கிய ஸ்கம்விஎம் இவ்வகையைச் சேர்ந்தது. இது சாத்தியமானதற்கு ஒரு தற்செயலான காரணம் உண்டு. ‘மேனியாக் மேன்ஷன்’ உருவானபோது, அதன் கதையையும் உரையாடலையும் புதிர்களையும் தனி மொழி ஒன்றில் எழுதி, அதைப் படித்து இயக்கும் பொறியைத் தனியே வைத்தனர். ஸ்கம் என்பது அந்த அமைப்பின் பெயர். ஒரே கதைக் கோப்புகளை வெவ்வேறு வகைக் கணினிகளில் விற்பதற்கு அப்பிரிப்பு அன்று உதவியது. பொறியை மட்டும் புதிதாக எழுதினால் பழைய கதைகள் அனைத்தும் உயிர்பெறும் என்ற வாய்ப்பை அதே பிரிப்பு பிற்காலத்துக்கு விட்டுச்சென்றது. இன்று ஸ்கம்விஎம் லூகாஸ் விளையாட்டுகளோடு நிற்காமல் சியரா உள்ளிட்ட பல நிறுவனங்களின் விளையாட்டுகளையும் இயக்குகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது இயங்கும். கட்டற்ற மென்பொருள் என்பதால் அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஓலைச்சுவடி சிதையும் முன் அதைப் புதிய ஓலைக்குப் படியெடுத்த கைகள்தாம் சங்க நூல்களை நமக்குத் தந்தன. மேனியாக் மேன்ஷன் வெளியான ஆண்டுக்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1887-இல், உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றினார். கொல்லிப்பாவையைப் பாடும் நற்றிணையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்ததாலேயே இன்று நம் கையில் இருக்கிறது. பாவை அழியாதிருப்பது அதன் தெய்வத்தன்மையால் அல்ல. அதைப் பற்றிய பாடலைத் தலைமுறைதோறும் யாரோ படியெடுத்ததால்.

உரிமையாளரிடமே இல்லாத மூலம்: வணிக நிறுவனங்களே தம் படைப்புகளைக் காத்துக்கொள்ளும் என்று எண்ணுவது இயல்பு. ‘பிளேடு ரன்னர்’ விளையாட்டின் கதை அந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. வெஸ்ட்வுட் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட இச்சாகச விளையாட்டின் மூலநிரல், அந்நிறுவனம் மூடப்பட்ட காலத்தில் தொலைந்துபோனது. ஸ்கம்விஎம் தன்னார்வலர்கள் வெளியான வட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பொறி எப்படி வேலை செய்திருக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து மீட்டெழுதினர். 2019-இல் அது இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் ஜிஓஜி என்ற விற்பனைத் தளம் அந்த வடிவையே சட்டப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

2022-இல் வேறொரு நிறுவனம் ‘மேம்படுத்திய பதிப்பு’ ஒன்றை வெளியிட்டது. பழைய வடிவம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. புதிய பதிப்பின் படத்தரம் குறித்துக் கடும் விமர்சனம் எழுந்ததும் பழைய வடிவம் மீண்டும் கிடைக்கச் செய்யப்பட்டது. புதுப்பிப்பு என்பது பாதுகாப்பு ஆகாது என்பதே இதன் பாடம். பழைய கோயில் சுவரோவியத்தின்மீது புதிய வண்ணம் பூசுவதற்கும் அதைக் காப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

இந்நிலை எவ்வளவு பரவலானது? அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளையும் மென்பொருள் பாதுகாப்பு வலையமைப்பும் இணைந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. உலகின் மிகப் பெரிய விளையாட்டுச் சந்தைகளுள் ஒன்றின் நிலையே இது.

இன்று விளையாட விரும்புவோருக்கு: செய்முறை எளிது. ஸ்கம்விஎம்மைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். தம்மிடமுள்ள பழைய குறுந்தகட்டிலிருந்து விளையாட்டுக் கோப்புகளை ஓர் உறைக்குள் படியெடுத்து, அந்த உறையைச் சுட்டிக் காட்டினால் போதும். எந்த விளையாட்டு என்பதை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். பட விகிதத்தைத் திருத்தும் தெரிவை இயக்கினால் நசுங்கிய முகங்கள் சீராகும். குறுந்தகடு இல்லாதவர்கள், உரிமை பெற்று விற்கும் தளங்களில் பலவற்றைக் குறைந்த விலையில் வாங்கலாம். விலையின்றிச் சட்டப்படி கிடைப்பவையும் உண்டு. 1994-இன் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’, 1992-இன் ‘லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்’, 1995-இன் ‘ஃபிளைட் ஆஃப் தி அமேசான் குவீன்’ ஆகியவை உரிமையாளர்களின் இசைவோடு இலவசமாக வழங்கப்படுகின்றன; ஸ்கம்விஎம் தளத்திலேயே அவற்றைப் பெறலாம்.

இங்கே கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி போன்ற ஊர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்கள் கையில் கணினியைக் கொடுத்தது. பெருநகருக்கு அப்பால், மலைக் கிராமங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே வீட்டுக்கு வந்த முதல் கணினி. அக்காலத்துக் கணினிகள் இன்றைய விளையாட்டுகளைத் தாங்கா. புதிய விளையாட்டுகளில் சில நூறு ஜிபி இடத்தைக் கேட்கின்றன. 1990-களின் சாகச விளையாட்டுகளோ சில எம்பியிலிருந்து சில நூறு எம்பிக்குள் அடங்குபவை. ஒருமுறை படியெடுத்துவிட்டால் இணைய இணைப்பும் தேவையில்லை. அலைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத வளைவிலும் அவை இயங்கும். வாசிப்பையும் ஆங்கிலச் சொல்வளத்தையும் பொறுமையான சிந்தனையையும் வளர்க்கும் ஒரு விளையாட்டு, பத்து ஆண்டு பழமையான மடிக்கணினியில் இயங்கும் என்பது பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

விளையாடுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாப் பழையதும் பொன் அல்ல. ஆரம்பக்காலச் சியரா விளையாட்டுகளில், தொடக்கத்தில் எடுக்கத் தவறிய ஒரு பொருளால் பல மணி நேரம் கழித்துக் கதை முட்டுச்சந்தில் நிற்கும். இத்தகைய குறைகளைச் சாடி ரான் கில்பர்ட் 1989-இலேயே கட்டுரை எழுதினார். ‘மங்கி ஐலண்ட்’ அக்கொள்கைகளின்படி உருவானது. ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் லூகாஸ் விளையாட்டுகளில் தொடங்குவது நல்லது. விடைக் குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை உடனே நாடுவது விடுகதையின் விடையை முதலில் கேட்டுவிட்டு விடுகதையைக் கேட்பதற்கு ஒப்பாகும். தட்டச்சிடும் விளையாட்டுகளை ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஆடுவது கடினம். சுட்டிச் சொடுக்குபவை அத்தடையைப் பெரிதும் குறைக்கின்றன.

தமிழில் ஆட முடியுமா? இவற்றைத் தமிழில் கொண்டுவருவது சொற்களைப் பெயர்ப்பதோடு முடியாது. ஆங்கிலத்தில் வினை முதலில் வரும், பெயர்ச்சொல் மாறாது. ‘திற’ என்ற சொல்லுக்குப் பின் ‘கதவு’ என்ற சொல்லை ஒட்டினால் வாக்கியம் ஆகிவிடும். தமிழில் கதவு, கதவை ஆகிறது. மரம், மரத்தை ஆகிறது. ‘சாவியைக் கொண்டு பெட்டியைத் திற’ என்று இரு பொருள்கள் வரும்போது வேற்றுமை உருபும் சொல்லுருபும் ஒற்றும் வர வேண்டும். ‘கதவைத் திற’ என்பதில் ஒற்று மிகும். ‘கதவை இழு’ என்பதில் மிகாது. எனவே, ஒவ்வொரு பொருளின் பெயரையும் பல வடிவங்களில் சேமித்து, வினைக்கேற்ப எடுக்கும்படி பொறியையே திருத்த வேண்டும்.

எழுத்துரு இன்னொரு சிக்கல். பழைய பொறிகள் 256 இடங்களுக்குள் எழுத்துகளை அடக்கின. ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னே தோன்றும் கொம்பு போன்றவற்றை அவை அறியா. 1990-களில் இணையத் தமிழர்கள் உருவாக்கிய டிஸ்கி குறியேற்றமோ, எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, 8 பிட்டுக்குள் தமிழை அடக்கியது. ஒருங்குறி வந்தபின் கைவிடப்பட்ட அந்த முறை, பழைய விளையாட்டுப் பொறிகளுக்குப் பொருத்தமான அளவுச் சட்டையாக அமையக்கூடும். வழக்கொழிந்த தொழில்நுட்பம் என்று எதையும் முற்றாகத் தூக்கி எறிய முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொண்ட விளையாட்டும் இன்று உலக அரங்கில் உண்டு. கனடாவின் டொரன்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் அங்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து, பாத்திரங்களைச் சுட்டி இழுத்து, உணவைச் சமைக்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை அறிமுக விளையாட்டுப் பிரிவில் அது வென்றது. சிதைந்த ஏட்டை மீட்பதையே புதிராக வைத்த இந்த விளையாட்டை, இன்னும் 30 ஆண்டுகள் கழித்து யார் மீட்பார்கள் என்ற கேள்வி நம் முன் நிற்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. சட்டப்படி ஒரு நிரலின் படியை வைத்திருப்பவர், அது வழங்கப்பட்ட நோக்கத்துக்காகப் பயன்படுத்தும் பொருட்டு அதைப் படியெடுக்கலாம், தகவமைக்கலாம். இழப்புக்கு எதிரான காப்புப் படியும் எடுக்கலாம் என்கிறது பிரிவு 52(1)(ஏஏ). வேறொரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்கு அவசியமான தகவலைப் பெறுவதையும் அடுத்த உட்பிரிவு அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தால் வந்த பிரிவு 65ஏ, மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்கிறது. தனிமனிதர் தம் பழைய குறுந்தகட்டை மீட்டு ஆடுவதைப் பொறுத்தவரை, நம் சட்டம் கருணையுள்ளதே.

குறை நூலகங்கள் விஷயத்தில் இருக்கிறது. அதே 2012 திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று பிரிவு 52(1)(என்)-இல் இடம் தந்தது. ஆனால், அந்நூலகத்திடம் அப்படைப்பின் மின்னணு அல்லாத படி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. காகிதத்தில் பிறந்த நூலுக்கு இது பொருந்தும். கணினியிலேயே பிறந்த படைப்புக்குக் காகிதப் படி ஏது? நூல்களைக் காக்கச் சட்டம் திறந்த கதவு, பிறப்பிலேயே மின்னணுவாகிய படைப்புக்கு மூடியே இருக்கிறது.

ஒப்படைப்புச் சட்டமும் அப்படித்தான். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். அச்சிட்டவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அச்சட்டத்தில் மென்பொருளுக்கு இடமில்லை. 1990-களிலும் 2000-களிலும் வந்த தமிழ்க் கற்றல் குறுந்தகடுகள், எழுத்துருத் தொகுப்புகள், சிறுவர் விளையாட்டுகள் எவற்றையும் எங்கும் ஒப்படைக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டுக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு, அவர்கள் மீட்டுவிட்டனர். சில நூறு படிகளே விற்ற ஒரு தமிழ்க் குறுந்தகட்டுக்கு அப்படி யாரும் இல்லை. பதிப்புரிமை முடியும் வரை காத்திருப்பதும் தீர்வாகாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புகளுக்கு 95 ஆண்டுகள் உரிமை உண்டு. ‘மேனியாக் மேன்ஷன்’ பொதுவுடைமையாவது 2082 முடிந்த பிறகே. குறுந்தகட்டின் ஆயுள் அவ்வளவு நீளமன்று.

இது விளையாட்டுதானே என்று கேட்போர் உண்டு. திரைப்படத்தையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகக் கருதப்படும் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு படியும் எஞ்சியதாகத் தெரியவில்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-இல்தான் புணேயில் அமைந்தது. காப்பகம் வந்தபோது காக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இன்று அந்தப் படங்களுக்காக வருந்தாத ஆய்வாளர் இல்லை.

செய்யக்கூடியவை: முதலாவதாக, பிரிவு 52(1)(என்)-இல் உள்ள ‘மின்னணு அல்லாத படி’ என்ற நிபந்தனையைத் தளர்த்தி, நூலகத்திடம் சட்டப்படி உள்ள எந்தப் படியையும் பாதுகாப்புக்காகப் படியெடுக்கலாம் என்று திருத்த வேண்டும். ஒரு சொற்றொடரை மாற்றும் திருத்தம் இது. படைப்பாளியின் வருவாய்க்கு இதனால் குறைவு வராது, ஏனெனில், விற்பனை உரிமையை இது தொடுவதே இல்லை.

இரண்டாவதாக, தமிழ் இணையக் கல்விக்கழகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை தமிழ் மென்பொருள் குறுந்தகடுகளைத் திரட்டும் பணியைத் தொடங்கலாம். ஈழத் தமிழ் ஆவணங்களுக்காக 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டே எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. திரட்டிய வட்டுகளை இயக்கும் கருவிகள் ஏற்கெனவே உள்ளன. பல்லூடகக் குறுந்தகடுகளை உருவாக்க அன்று உலகெங்கும் பயன்பட்ட மேக்ரோமீடியா டைரக்டர் கோப்புகளை இயக்கும் திறனையும் ஸ்கம்விஎம் அண்மை ஆண்டுகளில் பெற்றுவருகிறது. நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் செய்யப்படும் இறுதியாண்டுத் திட்டப் பணிகளில் சில இத்திசையில் திரும்பினால், மாணவருக்குப் பயிற்சியும் மொழிக்குப் பயனும் ஒருங்கே கிடைக்கும்.

மூன்றாவதாக, படைப்பவர்களின் பொறுப்பு. கதையையும் பொறியையும் பிரித்து வைத்த 1987-இன் முடிவுதான் பின்னாளில் மீட்பை எளிதாக்கியது. இன்று தமிழில் செயலியோ விளையாட்டோ உருவாக்குவோர், உரையையும் படங்களையும் பொதுத் தர வடிவங்களில் தனியே வைப்பதும், வணிக ஆயுள் முடிந்தபின் மூலநிரலை ஒரு நூலகத்திடம் ஒப்படைப்பதும் அவர்களுடைய படைப்புக்கே காப்பீடு.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும். ஆனால், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய குறுந்தகட்டுக்கு அவ்வளவு காலம் இல்லை. வட்டைப் படிக்கும் இயக்கி இன்று புதிய மடிக்கணினிகளில் வருவதில்லை. தனியே இணைக்கும் இயக்கி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அது கிடைக்கும்போதே வட்டை முழுமையாகப் படியெடுத்து, உறையையும் கையேட்டையும் ஒளிப்படம் எடுத்து, பெயரும் ஆண்டும் குறித்து இரண்டு இடங்களில் வைப்பது, இன்றைய நிலையில் ஒவ்வொருவராலும் செய்யக்கூடிய படியெடுப்புப் பணி.